வண்டி நுழையாத வாசல்

சர்க்கரை வியாதியில் வெல்டருக்கு இரண்டு காலும் போய் எட்டு மாதம் ஆகிறது. மாடி வீடு இனி ஆகாது என்று மனைவி அலையாய் அலைந்து இந்தக் கீழ்வீட்டைப் பிடித்தாள். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் முதுகு இடிக்கும். ஆனாலும் தெருக்கோடியில் பூங்கா இருக்கிறதே என்றுதான் சரி சொன்னாள். மனிதர் சுவரைப் பார்த்துப் பார்த்தே பாதி உயிராகியிருந்தார். சாப்பிடச் சொன்னால் எதற்கு என்பார். பூங்கா என்றதும்தான் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. அன்று காலையிலேயே சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுத் தயாராகிவிட்டார்.

"மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்க. பொண்ணு யாரு?" என்றாள் மனைவி.

"தள்ளுறவதான். வேற எவ வருவா?"

பூங்கா வாசல்வரை சக்கர நாற்காலி ஒழுங்காகத்தான் போனது. அங்கே பைக் நுழையாமலிருக்க இரும்புக் குழாய்களை வளைத்து நட்டிருந்தார்கள். நடக்கிறவன் உடம்பை ஒடித்துப் போய்விடலாம். நாற்காலி சிக்கிக்கொண்டது. இழுத்தாள், சாய்த்தாள், திருப்பிப் பார்த்தாள். இரண்டே விரற்கடைதான் இடித்தது. உள்ளே மரத்தடி பெஞ்சு காலியாகக் கிடந்தது.

"இதப் பண்ணவன் உருப்படுவானா? அவன் கைகால் வெளங்காமப் போக!"

பிடிமானத்துக்குக் குழாயைப் பற்றியிருந்த வெல்டரின் விரலில், அடிப்பக்கமாக ஏதோ தட்டுப்பட்டது. மூன்று பொட்டு. வேலை முடிந்ததும் யார் கண்ணிலும் படாத இடத்தில் மூன்று பொட்டு வெல்டிங் வைப்பது அவர் வழக்கம். வேறெவனும் வைத்ததில்லை. நூற்றுக்கணக்கான கேட் போட்டவருக்கு இது மறந்தே போயிருந்தது.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. வரைபடத்தில் இருந்ததைவிட இரண்டு விரற்கடை குறைத்தது அவரேதான். பெரிய கெட்டிக்காரத்தனம்! பூனைகூட யோசித்துத்தான் நுழையும் என்று பீற்றிக்கொண்டார். அன்றைக்கு ஒருத்தி, நடக்க முடியாத மகனை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணே, கொஞ்சம் எடம் விடுங்கண்ணே" என்று கெஞ்சினாள். "ஆபீஸ்ல போய்ச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டார்.

"நாளைக்கு என் தம்பியக் கூட்டிட்டு வரேன். ரெண்டு பேருமாத் தூக்கி உள்ள வச்சிடுறோம்" என்றாள் மனைவி.

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"இதப் பண்ணது நான்தான்."

 அவள் தன் வாயிலேயே இரண்டு அடி போட்டுக்கொண்டாள். "ஐயோ, பாவி நான்... என்ன சொல்லித் தொலைச்சிட்டேன்!"

"நீ சொல்லி ஆகலடி. அவ அன்னிக்கே சொல்லியிருப்பா."

"எவ?"

அவர் குழாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

மறுநாள் சொன்னபடி தம்பி வந்தான். வெல்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.