இல்லாத புளியமரம் வரைக்கும்

சைக்கிளில் இருநூறு கிலோமீட்டர் போவேன் என்று சொன்னால் விழுப்புரத்தில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ஏன், பஸ் இல்லியா?" என்பதுதான். நான் ஜெசிந்தா, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடையில் நிற்கிறவள், வாய் கொஞ்சம் அதிகம். அப்படிக் கேட்டவர்களுக்கு நான் கொடுத்த பதில்களை இங்கே எழுத முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் கலையரசி அக்காதான். போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி பிடித்துப்போய் மாத்திரை வாங்க வந்தவள், வாசலில் நின்ற என் சைக்கிளையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னால முடியுமாடி?" என்றாள்.

"முடியும்" என்றேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சொன்னதோடு விடுகிற ஆளில்லை நான். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்; அக்கா நகரமாட்டாளா? பழைய கியர் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்க வைத்தேன். வளவனூர் வரை கூட்டிப் போனேன். திரும்பி வந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், ஆனால் மறுவாரம் எனக்கு முன்னால் சைக்கிளோடு நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மழைக்காலம் முடிந்ததும் இருநூறு, அதற்கு முன்னால் ஒத்திகையாகத் திண்டிவனம் போய்த் திரும்புவது என்று முடிவானது.

கிளம்பும்போது அவள் வீட்டுக்காரர் நடராசன் அண்ணன் கேட்டுக்குள் நின்றபடி, "உன்ன நம்பித்தான்ம்மா அனுப்பறேன். முழுசா கொண்டாந்து வுட்டுடு" என்றார். "பாதிய வச்சிக்கினு நான் என்னாண்ணே பண்ணப்போறேன்?" என்று சிரித்தேன். 

மே மாதம். விடியும் முன்னே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது திட்டம். திண்டிவனத்தில் அக்காவின் சித்தி வீடு இருந்ததுதான் வினையாகிப் போனது. சொந்தக்காரர் வீட்டுக்குள் போனவர்களை ஒரு காபியோடு யார் விடுகிறார்கள்? பொங்கல், வடை, கேசரி, கல்யாண ஆல்பம் எல்லாம் முடிந்து நாங்கள் சைக்கிளில் ஏறியபோது சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தான்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அக்கா துவண்டுபோனாள். "முடியலடி. எறங்கிடட்டுமா?"

நெடுந்தூரம் ஓட்டப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற ஒரு வழி உண்டு. அதைச் சொன்னேன். "தூரத்தப் பாக்காதீங்க. ஒரே ஒரு மரத்தப் பாருங்க. அந்த மரம் வரைக்கும்தான். அங்க போயி ஒரு வாய் தண்ணி. அப்பறம் அடுத்த மரம்."

"மரம் எங்கடி இருக்குது?"

நியாயமான கேள்வி. நாலு வழிச்சாலை போடும்போது ரெண்டு பக்கப் புளியமரங்களையும் வேரோடு எடுத்துவிட்டார்கள். நடுவில் அரளிச் செடி, அது முட்டி உயரம். மற்றபடி தார், வெயில், மறுபடியும் தார். எனக்கு எரிச்சலாக வந்தது, வாய் முந்திக்கொண்டது.

"இல்லன்னா என்னா? இருக்குதுன்னு நெனச்சுக்குங்க. அதோ, அந்த போர்டுக்குப் பக்கத்துல ஒரு புளியமரம். பெரிசு. நெழலு எப்பிடி வுழுது பாருங்க!"

அக்கா சிரித்துவிட்டாள். "ஆமாண்டி, காய்கூட தொங்குது" என்று மிதித்தாள். அங்கே போய் ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். அடுத்ததை நான் சொன்னேன். அதற்கடுத்ததை அவளே சொன்னாள். வேலை செய்தது. மிதிக்கமாட்டேன் என்ற கால்கள் ஒழுங்காகச் சுற்றின. ஒரு இடத்தில் மட்டும், "இதுல ஒரு கிளைய இடி வுழுந்து கருக்கியிருக்குது, பாவம்" என்றாள். "எதுல?" என்றேன். "நம்ம மரத்துலதான்" என்றாள். பரவாயில்லையே, அக்காவுக்கு நல்ல கற்பனை என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் என் பின்சக்கரம் பஞ்சர் ஆனது. லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பி. "நீங்க போய்க்கினே இருங்க. நின்னா காலு பிடிச்சுக்கும். நான் ஜல்தியா வந்துடறேன். என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாக்காதீங்க" என்று அனுப்பினேன். இதுவும் புதியவர்களுக்கு நான் சொல்கிறதுதான். தலை திரும்பினால் ஹேண்டில் திரும்பும், பின்னால் லாரி வரும்.

பக்கத்தில் குடை நட்டு ஒரு அம்மா நுங்கு விற்றுக்கொண்டிருந்தது. வீரம்மாள் என்று பெயர் சொன்னது. நான் ட்யூபை மாற்றுவதைப் பார்த்தபடி, "முன்னால போற அந்தம்மா யார்கூட பேசிக்கினு போவுது?" என்றது.

"என்கூட வந்தவங்க. தனியாத்தான் போறாங்க."

"தனியாவா? உன் கொரலு அங்க கேக்குதே."

வெடுக்கென்று சொல்ல ஒரு பதிலை யோசித்துக்கொண்டே நிமிர்ந்தேன். அந்த நேரம் பார்த்துச் சாலையில் ஒரு வண்டி இல்லை. அனல் மட்டும் அலையடித்தது. வெகு தூரத்திலிருந்து, தெளிவாக, என் குரல் வந்தது. "அந்த மரம் வரைக்கும்தாங்க்கா."

கையிலிருந்த பம்ப் கீழே விழுந்தது.

வீரம்மாள் நுங்கு வெட்டுவதை நிறுத்திவிட்டு, நாங்கள் என்ன பேசிக்கொண்டு வந்தோம் என்று கேட்டது. சொன்னேன். "அடிப்பாவி" என்றது. "மரத்த வெட்டுனாங்க. மரத்துல இருந்ததுங்கள யாரு வெட்டுனா? குந்த எடமில்லாம அலையுதுங்க. உச்சி வேளையில, இதோ மரம், அதோ மரம்னு நீங்களே கூப்பிட்டா வராம என்னா பண்ணும்? போ, ஓடு."

மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். நான் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள். முனி, பேய் என்று கடையில் யாராவது பேசினால் கிண்டல் பண்ணுகிறவள். அன்றைக்குக் கிண்டல் பண்ண நாக்கில் ஈரமில்லை.

விக்கிரவாண்டிக்கு முன்னால் அக்காவைப் பார்த்துவிட்டேன். மெதுவாக, நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தாள். அவள் முதுகில் நிழல் விழுந்திருந்தது. புளிய இலை நிழல், பொடிப்பொடியாக, காற்றில் ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டு. தலைக்கு மேலே வெறும் வானம். நெருங்க நெருங்க எனக்கும் குளிர்ந்தது. புளியம்பூ வாசனை அடித்தது.

"அக்கா!" என்று கத்தினேன்.

அவளுக்கும் எனக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்திலிருந்து என் குரல் அவளிடம் சொன்னது: "திரும்பிப் பாக்காதீங்க."

அவள் திரும்பவில்லை. பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். உதடு வெளுத்து வெடித்திருந்தது. முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை, தோல் காய்ந்துபோயிருந்தது. பாட்டிலில் தண்ணீர் நான் கடைசியாகப் பார்த்த அளவிலேயே இருந்தது. மருந்துக்கடைக்காரிக்கு அது போதும், உயிருக்கே ஆபத்து என்று தெரிந்துவிட்டது.

"தண்ணி குடிங்கக்கா! குடிங்க!"

"அடுத்த மரத்துலன்னு நீதானடி சொல்லிக்கினே இருக்கற."

"நான் சொல்லல! நான் இங்க இருக்கறேன், என்னப் பாருங்க!"

பார்த்தாள். தெரியாத முகத்தைப் பார்க்கிற பார்வை. "நீ யாரும்மா?" என்றாள்.

ஹேண்டிலைப் பிடித்து இழுத்தேன். ரெண்டு பேரும் சைக்கிளோடு ஓரத்து மண்ணில் விழுந்தோம். மினி லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, ரெண்டு சைக்கிளையும் எங்களையும் ஏற்றி விக்கிரவாண்டி ஆஸ்பத்திரியில் இறக்கினார்.

ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். ஐஸ் வைத்தார்கள். அக்கா கண்ணை மூடியே கிடந்தாள். ஆனால் போர்வைக்குள் ரெண்டு முட்டியும் மாறி மாறி மேலே வந்து கீழே போயின. மிதித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் டம்ளரை வாயில் வைத்தால் பல்லை இறுக்கிக்கொண்டு, "அடுத்த மரத்துல" என்றாள். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார். அமுக்கிய கையோடு சேர்ந்து மிதித்தது. "இப்படியே போனா ஹார்ட் தாங்காது" என்று அவர் என்னிடம் சொல்லும்போதே நடராசன் அண்ணன் வந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "ஏம்மா, இவ யார்கூட பேசறா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

இல்லாத மரத்துக்குப் போகிறவள் எப்போது போய்ச் சேருவாள்? எழவு, கூப்பிட்டது என் வாய். வந்து ஒட்டிக்கொண்டதற்கு மரம்தானே வேண்டும்? பனமலை ஏரிக்கரையில் யாரும் கை வைக்காத ஒரு கிழட்டுப் புளியமரம் இருப்பது எனக்குத் தெரியும். பயிற்சிக்குப் போனால் அதன் கீழேதான் சைக்கிளைச் சாத்துவேன்.

அது தொற்றி வந்த அக்காவின் சைக்கிளையே எடுத்தேன். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டித் தள்ளவே முடியவில்லை. பின்னால் கேரியர்கூட இல்லாத சைக்கிள், அரிசி மூட்டை ஏற்றிய மாதிரி கனத்தது. பயத்தில் எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது.

"ஏறியாச்சு இல்ல? இத பாரு சனியனே, உனக்கு நான் நெசமான மரம் காட்டறேன். அவங்கள வுட்டுடு."

 என் காதுக்குப் பின்னால், கலையரசி அக்காவின் குரலில், அது கேட்டது. "என்னால முடியுமாடி?"

 அந்தக் கேள்வியில் இருந்த பயம் எனக்குத் தெரிந்த பயம். பாவம், அது பிறந்ததிலிருந்து ஒரே மரத்தில் இருந்தது, எங்கேயும் போனதில்லை.

"முடியும்" என்றேன். வேறென்ன சொல்ல?

நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பி அன்னியூர் வழியாக மிதித்தேன். கரும்புத் தோட்டத்து ஓரம் நாய்கள் என்னைப் பார்த்துக் குரைக்காமல் வாலை இடுக்கிக்கொண்டு ஒதுங்கின. வழியில் கம்பிக்கூண்டுக்குள் ஒரு வேப்பங்கன்று. "இதுல எறங்கட்டுமா?" என்றது. "இது கன்னு. உன்னத் தாங்காது. அடுத்தது." ஒரு முருங்கை. "இதுல?" "முருங்கையில ஏறுனா முறிஞ்சுடும். தூரத்தப் பாக்காத. இன்னும் கொஞ்சம்தான்." எனக்கு நா வறண்டது. அங்கே அவள் குடிக்காமல் கிடக்கும்போது இங்கே பாட்டிலைத் தொட மனசு வரவில்லை. சைக்கிள் போகப்போகக் கனத்தது. நான் இதுவரை ஓட்டிய எந்தத் தூரமும் அந்தத் தூரம் இல்லை.

பனமலைக் கோயிலுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஏரிக்கரைக்கு வந்தேன். மரத்தடியில் காலை ஊன்றினேன்.

"வந்தாச்சு. எறங்கு."

காற்றே இல்லை. தலைக்கு மேலே ஒரு கிளை மெதுவாகத் தாழ்ந்தது, ஆள் ஏறி உட்கார்ந்தால் தாழ்கிற மாதிரி. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்புறம் பக்கத்துக் கிளை தாழ்ந்தது. அதற்கு மேலே ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று. மரம் முழுக்கக் கிளை கிளையாக முனகிக்கொண்டு தாழ்ந்தது. ஒன்றுதான் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அத்தனை பேரையும் நான் சுமந்து வந்திருக்கிறேன்.

போன் அடித்தது. நடராசன் அண்ணன். "தண்ணி கேட்டாம்மா! ரெண்டு டம்ளர் குடிச்சுட்டா. காலு நின்னுடுச்சு. 'ஜெசி எங்க'ன்னு கேக்கறா."

ஓவென்று அழுதேன். பாட்டிலைத் திறந்து மொத்தத்தையும் குடித்தேன். சைக்கிளைத் திருப்பியபோது அது காகிதம் மாதிரி இருந்தது.

"ஜெசிந்தா" என்று மேலேயிருந்து கூப்பிட்டது. இந்த முறை என் குரலில்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரோட்ல இன்னும் நெறய பேரு நிக்கறாங்க."

"என்னால முடியாது" என்றேன். இந்த வார்த்தையை நான் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"முடியும்" என்றது என் குரல், நான் புதியவர்களிடம் சொல்கிற அதே தினுசில், அதே அன்போடு. "மொத்தத்தையும் பாக்காத. ஒரு மரம் வரைக்கும்தான."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பாட்டில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். விக்கிரவாண்டி தாண்டியதும் சைக்கிள் கனத்தது.