ஓரத்தில் இரண்டெழுத்து

1

ஒரு பழைய வணிகக் கடிதத்தின் கீழ் ஓரத்தில் ‘எஸ்.ஏ.’ என்று இருந்தது. தட்டச்சு செய்தவரின் பெயரெழுத்துகள். இந்தக் கதைக்கு என்னிடம் இருப்பது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் புளுகு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1934. பினாங்குத் துறைமுகத்தில் கப்பல்கள் கம்பீரமாக—’

அடித்துவிட்டேன். கப்பலுக்கு இங்கே வேலையில்லை.

2

பீச் ஸ்திரீட்டில் கிராம்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் சித்தி ஆயிஷா (‘சித்தி’ உறவுமுறையல்ல, பெயர்தான்; ‘எஸ்.’ அதற்குத்தான்) தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். ஆபீசில் அவள் ஒருத்திதான் பெண். கடிதத்தை அடித்தவர் ஓரத்தில் தம் பெயரெழுத்தைப் போடுவது அங்கே வழக்கம். அவளுக்கு மட்டும் அது கிடையாது. அவள் அடித்ததிலும் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, காசிவிஸ்வநாதனின் எழுத்துகள்தான். நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

(அவரை வில்லனாக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. மனிதர் மரியாதைக்காரர். ‘வா’வோடு ‘ங்க’ சேர்ப்பதுபோல, ஆங்கிலச் சொல்லின் வாலில் ‘லி’ சேர்த்தால் மரியாதை கூடும் என்று நம்பியவர்.)

3

அன்று லண்டனுக்குக் கடிதம். கிராம்பு நன்றாக மணக்கிறது என்பதற்கு ‘ஸ்மெல் ஸ்வீட்’ என்று அடித்திருந்தாள்.

“என்ன புள்ள, தொரைக்குப் போய் மொட்டையா எழுதுற? ‘ஸ்வீட்லி’ன்னு போடுலா.”

“வேணாங்க கிராணி ஐயா. ‘லி’ போட்டா கிராம்பே மோந்து பாக்குற மாதிரி ஆயிடும். அதுக்கு ஏது மூக்கு? அதோட கொணத்தத்தான் சொல்றோம், ‘ஸ்வீட்’ போதும். டேஸ்ட், ஃபீல் எல்லாத்துக்கும் இதே கததான்.”

“தப்பாப் போனா கெடுறது என் பேருலா!”

(இங்கே அவளைப் பணியவைத்து ஒரு வரைவு எழுதினேன். ‘ஆயிஷா தலைகுனிந்து—’ அதற்குமேல் பேனா ஓடவில்லை.)

அவள் புதுத் தாளை இயந்திரத்தில் ஏற்றினாள்.

“அப்ப உங்க பேரு வேணாம். என் எழுத்தப் போடுறேன். தப்புன்னு வந்தா வேலைய விட்டுப் போயிடுறேன்.”

ஆபீஸ் முழுவதும் வேலை நின்றது. காசிவிஸ்வநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“போடுங்க” என்றார்.

4

லண்டனிலிருந்து பதில் வந்ததா? ஆர்டர் வந்தது, வரவில்லை, கப்பலே மூழ்கிப்போனது என்று மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன். (பாருங்கள், கப்பலுக்கும் வேலை வந்துவிட்டது.) பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், நாலாவதாக ஒன்று நீங்களே எழுதினாலும் சரி.

அந்த ஓரத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். தாள் குழியும்படி அழுத்தி அடித்திருக்கிறாள் மகராசி. இன்றும் தடவினால் விரலில் தட்டுப்படுகிறது.