சோதனைச் செய்திகள்

"என் மச்சினன் முடிச்சிடுவாம்மா. அவனுக்கு நான் பொறுப்பு" என்று மாமா முதலாளியம்மாவிடம் சொல்லியிருந்தார். மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தே தலை நரைத்து மேனேஜரானவர் அவர். அதுவரை தனக்கென்றோ பிறத்தியாருக்கென்றோ வாயைத் திறந்து ஒரு சிபாரிசு கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டது மனைவியின் தம்பிக்காக. அந்த மகராசனோ முந்தின வேலையில் மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, அக்கா வீட்டு சோபாவில் படுத்தபடி, ஊரில் ஒருத்தனுக்கும் மூளை கிடையாது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான்.

அக்கா அவனுக்கு வைத்திருந்த பெயர் அவசரக்குடுக்கை. செல்லமாகத்தான் கூப்பிடுவாள். ஆனால் பெயர் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

கிடங்கின் வேலையெல்லாம் ஒரு பெரிய மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வண்டி வந்தது, எந்தச் சரக்கு போனது, குளிர் அறைக்குள் எவ்வளவு சூடு என்று அதற்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் கல்லுப்பிள்ளையார் மாதிரி தானாக வாயைத் திறக்காது. யாராவது போய்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தால்தான் உண்டு. அப்படித்தான் ஒரு தடவை குளிர் அறைக் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்து, அடுக்கடுக்காக ஊசி மருந்து பாழாய்ப் போனது. மென்பொருளுக்கு அப்போதே தெரியும், மனிதர்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. இனி எது நடந்தாலும் நடந்த கணமே அவரவர் திரையில் மணி அடித்துச் செய்தி வரவேண்டும் என்று முதலாளியம்மா ஒற்றைக்காலில் நின்றார். அதற்கென்று தனியாக ஒரு சர்வர் வைக்கவேண்டும். அந்த வேலைதான் அவசரக்குடுக்கைக்குக் கிடைத்தது.

சர்வரை நிறுவுவது அவனுக்குப் பெரிய காரியமாக இல்லை. சர்வருக்கும் ஒவ்வொரு திரைக்கும் நடுவில் ஒரு இணைப்பு எப்போதும் அறுபடாமல் திறந்தே இருக்கவேண்டும், அந்த வழியாகச் செய்தி ஓடி வந்து மணி அடிக்கும், அவ்வளவுதான் சங்கதி. சோதனை செய்து பார்க்க ஒரு ஆள் வேண்டுமே? எத்தனை முறை தொந்தரவு செய்தாலும் முகம் சுளிக்காத ஆள் மாமாதான். கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த அவருடைய கணினியில் செய்தி வரும் பக்கத்தைப் போட்டான். கையோடு கையாக அவருடைய போனிலும் போட்டுக் கொடுத்தான். கணினியில் மணி அடித்தது. மாமா குழந்தை மாதிரி சிரித்தார். போனை அவன் அத்தோடு மறந்தே போனான்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். அவன் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிப் பார்க்கும்போதெல்லாம் சமர்த்தாக அடிக்கும். சர்வர் அறைக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து ஒரு செய்தி அனுப்பினால் மூச்சுக் காட்டாது.

"மாமா, மணி அடிச்சுதா?" என்று போனில் கேட்பான்.

"இல்லையேப்பா."

"திரையில ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் காணோமே."

"ஸ்பீக்கரை மூடி வெச்சுட்டீங்களா?"

"அதை நான் தொடவே இல்லப்பா. நீ வெச்சது வெச்சபடி இருக்கு."

மறுபடி மாடிப்படி ஏறி ஓடுவான். அவன் போய்ப் பக்கத்தைப் புதுப்பித்து ஒரு செய்தி அனுப்பினால் அது அடிக்கும். மாமா சங்கடத்தோடு சிரிப்பார், ஏதோ தான்தான் அதைக் கெடுத்து வைத்த மாதிரி. அவனும் அப்படித்தான் நினைத்தான். நான் இருந்தால் வேலை செய்கிறது, இந்த ஆள் தனியாக இருந்தால் வேலை செய்யவில்லை, அப்படியானால் கோளாறு யாரிடம்? இப்படிக் கணக்குப் போட்டு விடை கண்டுபிடித்தவன்தான் தன்னை மூளைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

மதியத்துக்கு மேல் அவனுக்குப் பொறுமை போனது. சர்வர் அறையின் குளிரில் விரல் விறைக்க உட்கார்ந்து, மாமாவின் பெயருக்குச் செய்திமேல் செய்தியாக அனுப்பினான். முதலில் 'சோதனை' என்று அனுப்பினான். பிறகு 'மறுபடியும் சோதனை'. பிறகு 'அடிடா மணி'. எதுவும் போய்ச் சேரவில்லை என்று மாமாவே சொல்கிறார். போய்ச் சேராத செய்தியில் என்ன எழுதினால் என்ன? சுவரைப் பார்த்துத் திட்டுகிறவன் போல மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினான். ஒவ்வொன்றையும் அனுப்பிவிட்டு, "வந்துச்சா மாமா?" என்று கேட்டான். அவர் பொறுமையாக, "கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வரலப்பா" என்றார். கடைசிச் செய்திகளுக்கு அந்தப் பதில் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா திடீரென்று அக்காவிடம், "உனக்கு இங்க ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டார்.

"இப்ப எதுக்கு இந்தக் கேள்வி?" என்று அக்கா சிரித்தாள்.

"சும்மாதான் கேட்டேன்."

"குறைக்கென்ன குறைச்சல்? அந்தக் குழாய் ஒரு மாசமா ஒழுகுது" என்றாள் அவள். மாமாவும் சிரித்தார். அவனும் சேர்ந்து சிரித்து, இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. முதலாளியம்மா ஒரு நாள் அவனை வைத்துக்கொண்டே மாமாவிடம் கேட்டார்: "முடியுமா முடியாதா? முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் வெளியாளைக் கூப்பிடறேன்."

மாமா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முடிச்சிடுவாம்மா. நான்தான் சொல்றேன் இல்ல" என்றார்.

அந்த வார்த்தை அவனை உலுக்கியது. முதல் தடவையாக, யாரையும் குற்றம் சொல்லாமல் உட்கார்ந்து யோசித்தான். பக்கத்தில் இருந்து தட்டிக்கொண்டே இருந்தால் வேலை செய்கிறது, சும்மா விட்டால் செத்துப்போகிறது. அப்படியானால் சும்மா இருப்பதுதான் நோய். சர்வருக்கும் அலுவலகத் திரைகளுக்கும் நடுவில் பாதுகாப்புக்கென்று ஒரு வாசல் இயந்திரம் இருந்தது. ஒரு நிமிஷம் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிற இணைப்பை அது செத்ததாக எண்ணி அறுத்துவிடும். அறுத்ததை இரண்டு பக்கத்துக்கும் சொல்லாது. சர்வர் பாட்டுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும், திரை பாட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

மருந்து எளிது. அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று ஒரு சின்னச் சமிக்ஞை இரண்டு பக்கமும் போய் வந்தால் வாசல் இயந்திரம் சும்மா இருக்கும். அதை எழுதினான். எழுதின சுறுசுறுப்பில், இணைப்பு அறுந்து மறுபடி வந்தால் அதுவரை போய்ச் சேராமல் சர்வரில் பதிவாகிக் கிடக்கும் செய்திகளையெல்லாம் வரிசையாகக் கொடுத்துவிடும்படியும் செய்தான். குளிர் அறைச் செய்தி ஒன்றுகூடத் தவறக்கூடாதே! நல்ல யோசனைதான். தன் கணினியில் வைத்துப் பார்த்தான், பிசகில்லாமல் ஓடியது. மாமா அன்று வெளிக்கிடங்குக்குப் போயிருந்தார், அவருடைய கணினி அணைந்து கிடந்தது. நாளைக்கு எல்லார் முன்னாலும் அதிலேயே காட்டிவிடலாம் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் காலை கூட்ட அறையில் முதலாளியம்மா, கணக்கர், கிடங்கு ஆட்கள் எல்லாரும் கூடினார்கள். மாமாவின் கணினியைத் தூக்கி வந்து பெரிய திரையில் இணைத்தார்கள். மாமா துவைத்துத் தேய்த்த புதுச் சட்டையில் இருந்தார். கீழே ஒரு ஆள் குளிர் அறைக் கதவைத் திறப்பான், இங்கே மணி அடிக்கவேண்டும், அதுதான் திட்டம். மாமா தன் பெயரைத் தட்டி உள்ளே நுழைந்தார்.

கீழே இன்னும் யாரும் கதவைத் திறக்கவில்லை. மணி அடித்தது.

'சோதனை.'

"அட, வந்துடுச்சே!" என்றார் கணக்கர். மறுபடி மணி. 'மறுபடியும் சோதனை.' மறுபடி மணி. 'அடிடா மணி.' எல்லாரும் சிரித்தார்கள். அவனும் பாதிச் சிரிப்பு சிரித்தான். அடுத்து என்ன வரும் என்று அந்த அறையில் அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தான்.

'மாமாவுக்கு ஸ்பீக்கர் எது, ஸ்டேப்ளர் எது என்று தெரியுமா?'

'இந்த மண்ணாந்தையை மேனேஜராக்கின புண்ணியவான் யார்?'

அவன் பாய்ந்து போய் இணைப்பைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. ஒவ்வொரு மணிக்கும் ஒரு செய்தி, பெரிய எழுத்தில், சுவர் நிறைய வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கிடங்கு ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

'இந்த ஆளோடு அக்கா எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ. பாவம், அவள் தலையெழுத்து.'

அதோடு மணி ஓய்ந்தது. செய்திகளின் ஓரத்தில் அனுப்பியவர் பெயராக 'நிர்வாகி' என்று மட்டும் இருந்தது.

"யாரு இந்த நிர்வாகி?" என்று கேட்டார் முதலாளியம்மா. குரல் உயரவில்லை. அவர் குரல் உயராவிட்டால்தான் பயம் என்று எல்லாருக்கும் தெரியும்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மாமா எழுந்துவிட்டார்.

"நான்தாம்மா எழுதச் சொன்னேன். வெறும் சோதனை சோதனைன்னு வந்தா எனக்குத் தூக்கம் வந்துடுது. திட்டி அனுப்புடா, அப்பதான் கவனிப்பேன்னேன். பயல் கொஞ்சம் கூடுதலாவே கவனிக்க வெச்சுட்டான்."

கணக்கர்தான் முதலில் சிரித்தார். ஒருவர்பின் ஒருவராக மற்றவர்களும் சிரித்தார்கள். முதலாளியம்மா நம்பினாரா என்று தெரியவில்லை. மாமாவின் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "மாமன் மச்சான் விளையாட்டை வீட்டோட வெச்சுக்குங்க" என்றார். பிறகு கீழே ஆள் கதவைத் திறந்தான். சொல்லி வைத்தாற்போல மணி அடித்து, குளிர் அறைக் கதவு திறந்திருக்கிறது என்று செய்தி வந்தது. முதலாளியம்மா தலையாட்டினார். வேலை உறுதியாயிற்று. ஆட்கள் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். தட்டு விழுந்த ஒவ்வொரு இடமும் அவனுக்கு எரிந்தது.

கண்ணாடித் தடுப்புக்குள் மாமா கணினியின் வயர்களை மறுபடி சொருகிக்கொண்டிருந்தார். அவன் வாசலிலேயே நின்றான்.

"மாமா, நான்... அது ஒண்ணும் போய்ச் சேரலைன்னு நெனச்சு..."

"சேர்ந்துச்சுப்பா" என்றார் மாமா. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார். "அன்னிக்கே வந்துடுச்சு, எல்லாம். இதுல மணி நல்லாத்தான் அடிக்குது."

அவனுடைய பாழாய்ப்போன மூளை முதலில் என்ன செய்தது தெரியுமா? மாமாவின் போன் அலுவலக இணைப்பில் இல்லை, வெளி இணைப்பில் இருக்கிறது, அதற்கு வாசல் இயந்திரம் குறுக்கே வராது என்று கணக்குப் போட்டது. நாக்கும் கூடவே ஓடியது. "போன்ல வருதுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பேனே மாமா!"

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாமா கோபப்படவில்லை. "எப்படிப்பா சொல்றது? என்ன வந்துச்சுன்னு கேப்பே. உனக்குப் படிச்சா காட்ட முடியும்?"

அவன் தலை குனிந்து நின்றான். படித்துவிட்டுத்தான் இவர் அவனோடு ஒரே மேசையில் சாப்பிட்டார். படித்துவிட்டுத்தான் தினமும் அவனைத் தன் வண்டியில் ஏற்றி வந்தார். படித்துவிட்டுத்தான் முதலாளியம்மாவிடம், நான்தான் சொல்றேன் இல்ல என்றார். ஒவ்வொன்றாக நினைவுக்கு வர வர அவன் கூனிக் குறுகிப் போனான்.

"மன்னிச்சிடுங்க மாமா."

"அதை விடு. மண்ணாந்தைன்னா மண்ணாந்தைதான், எனக்கு இந்த மெஷினெல்லாம் வராது. அதுக்கு நான் வருத்தப்படலை." மாமா வயரைக் கையில் பிடித்தபடியே நின்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லு. அந்தக் கடைசிச் செய்தி. உங்க அக்கா உங்கிட்ட ஏதாவது சொல்லி வருத்தப்பட்டாளா?"

"ஐயோ, இல்ல மாமா! சத்தியமா இல்ல. அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்ல. கோவத்துல நானா எழுதினது."

"நிஜமாவா?"

"நிஜமா மாமா."

"சரி" என்றார் மாமா. "கேட்டா, குழாய் ஒழுகுதுங்கறா. அவ அப்படித்தான், எதையும் வெளியே சொல்ல மாட்டா." அவன் சொன்னது அவருக்குள் போய்ச் சேர்ந்ததா என்று முகத்தில் தேடினான். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை சத்தியம் செய்யலாமா என்று நினைத்தான். எத்தனை தடவை செய்தாலும் அதேதான் என்று பட்டது.

அதற்குள் மணி அடித்தது. வண்டி வந்திருக்கிறது என்று யாரோ கீழிருந்து அனுப்பிய செய்திதான். இதில் என்ன எழுதியிருக்குமோ என்பதுபோல மாமா முதலில் அவன் முகத்தைப் பார்த்தார், பிறகுதான் திரையைப் பார்த்தார். அன்று முழுக்க மணி குறையில்லாமல் அடித்தது. அவன் பக்கத்தில் இருந்தபோதெல்லாம் மாமா அப்படித்தான் பார்த்தார்.