துவைக்காத நைட்டி

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். மோட்டாரைப் போடுகிறேன். மாடித் தொட்டி நிரம்பும்வரை சுவிட்ச் பக்கத்திலேயே நிற்கிறேன். நிரம்பியதும் நிறுத்துகிறேன். பால் காய்ச்சி ஒரு காபி. ஏழரைக்குத் தட்டாஞ்சாவடி கம்பெனிக்குக் கிளம்ப வேண்டும். என் மனைவி அனைஸ் இறந்து ஏழு வாரம் ஆகிறது.

இன்று சட்டைக்கு இஸ்திரி போடும்போது அவள் அம்மா மர்த் வந்தார், சர்ச்சில் பூசை முடிந்த கையோடு. மகள் இறந்த அன்று பிரான்சில் மகன் வீட்டில் இருந்தவர். பெட்டியில்தான் முகத்தைப் பார்த்தார்.

உழவர்கரையில் ஒருத்தி ஆவியை இறக்கிப் பேசவைக்கிறாளாம். போன வாரம் "அம்மா, குளிருது" என்று மட்டும் அனைஸ் பேசினாளாம். முழுதாகப் பேச அவள் கடைசியாக உடுத்திய துணி வேண்டும், துவைக்காதது.

"அத்த, அவ உங்கள என்னிக்கு அம்மான்னா? மமான்னுதான கூப்புடுவா."

"செத்ததும் பிரெஞ்சு மறந்துருக்கும்," என்றார். சிரிக்கவில்லை.

செத்தவர்களிடம் குறி கேட்பது கடவுளுக்கு அருவருப்பு என்று பைபிளில் இணைச்சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன். பங்குக் கோயிலில் இருபது வருடம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தியவர் அவர். என்னைவிட நன்றாகத் தெரியும்.

"சவுல் ராஜா குறி கேட்டப்ப செத்துப்போன சாமுவேல் வந்தாரே, தெயோ. வராமயா எழுதி வச்சாங்க?"

"வந்தாரு. நாளைக்கு நீ சாவன்னாரு. சவுல் எழுந்துக்க முடியாம தரையில கெடந்தான். ஆறுதலா ஒரு வார்த்த உண்டா அதுல?"

பேய்க்குப் பயந்து போட்ட தடை அல்ல அது. இறந்தவள் கடவுள் கையில் இருக்கிறாள். அவள் பேரில் யாரும் எதையும் பேசலாம், மறுக்க அவள் வரமாட்டாள். கேட்டுப் பழகினால் பிறகு உழவர்கரைக்காரி சொல்வதுதான் வேதம்.

"குடுக்க மாட்டேன் அத்த."

"அவ எம் பொண்ணு."

"செத்துட்டா. விட்டுடுங்க அவள."

அவர் பீரோவை நோக்கி நடந்தார். நான் முந்திக்கொண்டு திறந்தேன். நைட்டி, ஆஸ்பத்திரியில் சுருட்டிக் கொடுத்த பையிலேயே இருந்தது. தினமும் வேலை விட்டு வந்ததும் பையை அவிழ்த்து ஒருமுறை மோந்துவிட்டுக் கட்டி வைப்பேன். அதுவும் ஒரு மாதிரி குறி கேட்பதுதான்.

குளியலறை வாளியில் போட்டேன். சோப்புத்தூளைக் கொட்டிக் குழாயைத் திறந்தேன்.

மர்த் தடுக்கவில்லை. வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். நுரை விளிம்புக்கு வந்ததும் குழாயை மூடினேன்.

"நீ கூட இருந்த," என்றார். "நான் இல்ல. அவ என்னா பேசுனான்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னியா? அதுக்குத்தான் அங்க போனேன்."

உண்மை. சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் பேசியதில் ஜெபம் இல்லை, அவர் பேர் இல்லை, என் பேரும் இல்லை. 'மமான்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லலாம். யாருக்கும் தெரியாது. சேர்த்தால் நானும் அந்த உழவர்கரைக்காரிதான்.

பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். காலையில் மூச்சு முட்டி விழுந்தவளை அள்ளி ஆட்டோவில் போட்டுக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது. பாதி வழியில் அவள் கண் திறந்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்து ஒன்றே ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

"மோட்டார ஆஃப் பண்ணீங்களா?"