மேல்பாதை

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, மலைச்சரிவின் மேல்பாதையில் குறுக்கே ஒரு இரும்புக் குழாய் பொருத்தப்பட்டுப் பூட்டுப் போடப்பட்டது.

பூட்டியவர் அண்ணன். பாதை அவர் பங்கில் இருந்தது. அதற்கு அப்பால், தங்கையின் பங்கில், வெட்டிச் சாய்த்த பைன் மரங்கள் சரிவு முழுக்கக் கிடந்தன. அவை ஆற்றோரக் கீழ்ப்பாதை வழியே இறங்க வேண்டியவை. முந்தின வாரம் வெள்ளம் கீழ்ப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அங்கே இனிப் புதுப் பாலம் கட்டும் திட்டமில்லை என்று பொதுப்பணி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

வெட்டிய பைன் காத்திருக்காது. வெயில் ஏறினால் பூஞ்சை பிடித்து உள்ளே நீலம் பாயும். அப்புறம் வண்டு துளைக்கும். பலகைக்குப் போக வேண்டியது விறகாகிவிடும். பல வருடமாக ஒரு காசு வருமானம் தராத அந்தக் காட்டுக்குச் சேர்ந்துபோன வரி பாக்கிக்கும், மரம் வெட்டிய கூலிக்குமாக, தங்கை நிலத்தையே வங்கியில் அடமானம் வைத்திருந்தாள். பலகை விலை கிடைத்தால் கடன் அடையும். விறகு விலை கிடைத்தால் நிலம் போகும்.

மரத்துக்கு முன்பணம் கொடுத்திருந்த கான்ட்ராக்டர் அவளை அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அண்ணன் மேஜையில் ரம்பச் சங்கிலியைப் பரப்பி, ஒவ்வொரு பல்லாக அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க" என்றார் கான்ட்ராக்டரைப் பார்த்து. தங்கையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு மாசம் வழி விடுண்ணே. லாரிக்கு இவ்வளவுன்னு கேளு, தர்றேன்."

"பாகப் பத்திரத்துல என்ன எழுதியிருக்கு?"

ஒருவர் பங்கு வழியாக மற்றவர் வண்டி போகக் கூடாது என்று எழுதியிருந்தது. பாகம் பிரித்தபோது அண்ணன் பங்கில் மரங்கள் விளைந்து நின்றன. அவள் பங்கில் இடுப்பளவுக் கன்றுகள். லாரி ஏறி மிதித்துவிடும் என்று பிடிவாதம் பிடித்து அந்த வரியைச் சேர்க்க வைத்தவள் அவள்தான். அவள் வழி விடாததால் அண்ணன் தன் பங்கிலேயே பாறைக்கு வெடி வைத்து மேல்பாதை போட்டார். மரம் விற்ற பணத்தில் பாதி அந்தப் பாதைக்கே போனது.

"அன்னைக்கு நான் உன் வாசல்ல வந்து நின்னேன். உள்ள வான்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"அன்னைக்கு உன் லாரி ஏறியிருந்தா இன்னைக்கு எனக்கு மரமே இருந்திருக்காது."

"இருக்குல்ல? வச்சு அழகு பாரு."

சமையலறை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். "அவ்வளவு வாய் இருக்கறவங்க கட்டைய வாயாலயே கவ்வி இழுத்துட்டுப் போகலாமே."

"அண்ணி, நீங்க இதுல வராதீங்க."

"நான் எங்க வந்தேன்? என் வீட்டுல நிக்கிறேன். வந்தது யாரு?"

கான்ட்ராக்டர் தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, மூக்க அறுத்துக்கிட்டு எதிரிக்குச் சகுனத்தடை பண்ண வேணாம். வாடகை வந்தா உங்களுக்கும் லாபந்தானே?"

"அறுபடறது அவ மூக்குய்யா. எனக்கென்ன நஷ்டம்?" அண்ணன் அரத்தைக் கீழே வைத்தார். "வேணும்னா ஒண்ணு செய்யட்டும். கிடக்கிற இடத்துலயே எனக்கு வித்துடட்டும். விறகு விலை. இன்னைக்கே கையில தர்றேன்."

தங்கை எழுந்தாள்.

"அழுகட்டும். உன் கைக்கு ஒரு சுள்ளி வராது."

மறுநாள் வக்கீலிடம் போனாள். வேறு வழியே இல்லாத நிலத்துக்கு வழி கேட்கும் உரிமை உண்டு என்றார் அவர்.

"அப்ப ஜெயிச்சிருவேனா?"

"ஜெயிப்பீங்கம்மா. எப்பன்னு மட்டும் கேக்காதீங்க."

அண்ணனின் வக்கீல் பாகப் பத்திரத்தைக் காட்டி வாய்தா வாங்கினார், மறுபடியும் வாங்கினார். நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர் வந்து, சரிவை அளந்து, மூச்சு வாங்கி, அறிக்கை எழுதிக்கொண்டு போனார். கோடை முடியும் முன்பே கான்ட்ராக்டர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. மரம் அறுக்கிற மில்லுக்கு நான் பதில் சொல்லணும்." அவள் கொடுத்துவிட்டாள். வங்கியிலிருந்து முதல் நோட்டீஸ் வந்தது.

தீர்ப்பு அடுத்த பிப்ரவரியில் வந்தது. வெளியேற வழியில்லாத நிலத்தைப் பத்திரத்தில் உள்ள ஒரு வரி முடக்கிப்போட முடியாது. மேல்பாதையில் வண்டி போக நிரந்தர உரிமை உண்டு. அந்த உரிமை ஆளுக்கல்ல, நிலத்துக்கு. வாடகை பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அண்ணன் தரப்பு வாடகையே கேட்கவில்லை. அவர்கள் கேட்டது வழக்கைத் தள்ளுபடி செய்ய மட்டும்.

மில்காரர் ஒரு கட்டையை அறுத்துப் பார்த்தார். நீலம் நடுத்தண்டு வரை போயிருந்தது. செங்கல் சூளைக்காரர் விறகு விலைக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். அந்தப் பணம் வக்கீல் கட்டணத்துக்குப் போதவில்லை.

மே மாதம் வங்கி நிலத்தை ஏலம் விட்டது. அண்ணன் பணத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மூன்று முறை ஏற்றிக் கேட்டார். ஒரு பிளைவுட் கம்பெனி நான்காவது முறை கேட்டது. அவரால் அதற்கு மேல் போக முடியவில்லை.

இப்போது கம்பெனியின் லாரிகள் தினமும் மேல்பாதையில் போய்வருகின்றன. பாதையைச் செப்பனிடும் செலவில் பங்கு கேட்டு அண்ணன் எழுதினார். உத்தரவில் அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அவருடைய பங்கையும் விலைக்குக் கேட்டிருக்கிறார்கள்.