முட்டை ஊற்றிய வண்டி

மர மில்லில் அவனுக்கு ஜாக்கி என்று பேர். கிரேன் வர நேரமானால் மரத்தின் ஒரு முனைக்குத் தோளைக் கொடுத்து நிமிர்வான். மற்றவர்கள் சட்டென்று அடியில் கட்டையைச் செருகிவிடுவார்கள். அந்தப் பேர் மில்லோடு நிற்காமல் தெருவுக்கு வந்து, வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பெண்டாட்டியின் தம்பிகூட "ஜாக்கி மாமா" என்றுதான் கூப்பிடுவான்.

இப்போது மில் இல்லை. வண்டிதான். வீட்டு முற்றத்தில் நிற்கிறதே, பின்னால் திறந்த தொட்டி வைத்த பழைய பிக்கப், அது.

வண்டி வந்த கதை பெரிய கதை இல்லை. அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. நிரந்தர வேலையில் இருக்கிறவன் விலகினால் தன் குடும்பத்து ஆள் ஒருத்தனைத் தன் இடத்தில் நிறுத்தலாம். மேஸ்திரி தலையை ஆட்டினால் போதும். நிறுத்திவிட்ட பிறகு, வந்தவனாக இடத்தை விட்டுக்கொடுத்தால் ஒழிய, போனவன் திரும்ப உள்ளே வர முடியாது. மைத்துனன் மழைக்காலம் முடிந்த கையோடு வந்து உட்கார்ந்தான்.

"மாமா, எனக்கு ரோட்டுல அலைய உடம்பு ஒத்துக்கல. வண்டி தங்கமான வண்டி. நீங்க எடுத்துக்கிட்டு உங்களுக்கு நீங்களே முதலாளியா ஓட்டுங்க. மில்லுல உங்க இடத்தை மட்டும் எனக்கு விடுங்க."

ஜாக்கி யோசித்தான். மரம் தூக்கித் தூக்கி இடுப்பு கழன்றுபோயிருந்தது. பெண்டாட்டியும் "தம்பி நம்ம நல்லதுக்குத்தானே சொல்றான்" என்றாள். அவள் சொன்ன பிறகு அவன் யோசிக்கவில்லை. இடம் கை மாறியது, வண்டி கை மாறியது.

மைத்துனன் சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னான். "என்ன வேணா பண்ணுங்க, ரேடியேட்டர் பக்கம் மட்டும் போகாதீங்க. இப்பதான் புதுக் கூலன்ட் ஊத்தியிருக்கேன்." அடுத்த தடவை வந்தபோதும் அதையே சொன்னான். எவ்வளவு அக்கறை பார் என்று ஜாக்கி உருகிப்போனான்.

ஆனால் ஒரு திங்கட்கிழமை மலைமேல் ஒரு வீட்டுச் சாமான் ஏற்ற ஒப்புக்கொண்டிருந்தான். ஏற்றம் முழுக்க முழுக்க வளைவு. அவன் கைக்கு வந்ததிலிருந்து ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த வண்டிக்கு அதுதான் முதல் நெடும்பயணம். இன்ஜின் சூடாகி நடுவழியில் மானத்தை வாங்கக் கூடாது. புதுசோ பழசோ, மாற்றிவிட்டால் மனசு நிம்மதி. அதனால் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள் காலையில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே வேலையை ஆரம்பித்தான்.

"இன்னிக்கே பண்ணணுமா? இடுப்பு வலின்னு ராத்திரி பூரா புரண்டீங்களே" என்றாள் பெண்டாட்டி வாசலில் நின்று.

"படுத்துக்கிட்டுச் செய்யற வேலைதான். இடுப்புக்கு ஓய்வு மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்தான். உள்ளே ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பினான். அப்போதுதான் அந்தக் குழாயில் இருப்பதும் வடியும். ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திருகினான். துணி துவைக்கிற பிளாஸ்டிக் தொட்டியை அடியில் தள்ளி, மல்லாந்து நகர்ந்து போய், மூலையில் இருந்த வடிகுழாய்த் திருகை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினான்.

பச்சையாக வரும் என்று பார்த்தால், கஞ்சத்தனமாகப் பால் விட்ட டீ மாதிரி வந்தது. வெறும் துருத்தண்ணி. புதுக் கூலன்ட்டாம்! கொஞ்சம் வந்து இளைத்து, நூலாகி, நின்றேவிட்டது. கம்பியை விட்டுக் குத்தினான். பொளக்கென்று வெள்ளையாய், மெத்து மெத்தென்று துண்டு துண்டாய் ஏதோ விழுந்தது. கூடவே பித்தளைப் பொடி மாதிரி ஒரு மினுமினுப்பு.

"என்னய்யா ஜாக்கி, விடிஞ்சதும் சமையலா?"

பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தார். ஊரில் யார் வீட்டு பானட் திறந்தாலும் அவருக்கு மூக்கு வியர்த்துவிடும்.

"கூலன்ட் மாத்தறேண்ணே. இங்க வந்து பாருங்க, பஞ்சு பஞ்சா வருது."

சுற்றி வந்து, குந்தி உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினார்.

"முட்டைய்யா இது. வெந்த முட்டை."

"முட்டையா? கோழி முட்டையா?"

"பின்னே, லாரி முட்டையா போடும்?"

அவரே விளக்கினார். ரேடியேட்டர் ஒழுகி நடுரோட்டில் மாட்டிக்கொண்டால், கொதிக்கிற தண்ணீரில் முட்டையின் வெள்ளையை ஊற்றுவார்கள். அது வெந்து போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். வீடு வந்து சேரும் வரைக்கும் தாங்கும். "ஆனா வீடு வந்ததும் கழுவிடுவாங்க. யாரும் இதையே வெச்சுக் குடும்பம் நடத்த மாட்டாங்க. இந்த மினுமினுப்பு இருக்கே, அது வேற. ஹெட்டுல, அதான் இன்ஜின் மேல்மூடியில, விரிசல் விட்டா அடைக்கிற பவுடர்."

"மாப்ளைக்குத் தெரிஞ்சிருக்காதுண்ணே. எந்த மெக்கானிக்கோ அவனை ஏமாத்தியிருப்பான்."

டாக்ஸிக்காரர் தொட்டியைப் பார்த்தார்.

ஜாக்கிக்கு வீம்பு வந்துவிட்டது. குழாயைச் செருகித் தண்ணீரைத் திறந்துவிட்டான். துரு வந்தது, வெள்ளை வந்தது, மினுமினுப்பு வந்தது. தொட்டி நிறைய நிறைய மூடி போட்ட கேனில் ஊற்றினான். கொஞ்சநஞ்சம் கூலன்ட் கலந்திருந்தாலும் தெருநாய் நக்கினால் செத்துப்போகும், அது இனிக்கும் விஷம். தண்ணீர் கண்ணாடியாக வரும் வரைக்கும் விடவில்லை. கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி உள்ளும் புறமும் கழுவினான். பிறகு திருகை மூடி, புதுக் கூலன்ட்டைச் சுத்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து, காற்று அடைக்காமல் மெல்ல மெல்ல ஊற்றினான். பச்சைப் பசேலென்று வாய் வரைக்கும் வந்து நின்றது. பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

"மூடியைப் போடாம ஸ்டார்ட் பண்ணு. காத்து வெளியே போகட்டும்" என்றார் டாக்ஸிக்காரர்.

இன்ஜின் ஓடியது. மேல் ரப்பர் குழாயைப் பிடித்துப் பிடித்து விட்டான். குமிழி குமிழியாக வந்தது. வரத்தான் வரும், அடைந்த காற்று. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்கவில்லை. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தச் சொன்னார். அழுத்தினான். பச்சைத் தண்ணீர் பொங்கி, வாய் வழிந்து, கிரில்லில் ஓடியது. பின்னால் சைலன்சரில் வெள்ளைப் புகை, சர்க்கரை கருகின வாசனையோடு.

"நிறுத்து. நிறுத்திடுய்யா."

நிறுத்தினான். கீழே மட்டும் சொட்டுச் சொட்டென்று சத்தம்.

"ஹெட்டு விரிசல். இன்னிக்கு விட்டதில்ல இது. விட்டதை அடைச்சு வெச்சிருந்தாங்க, நீ பாசமா கழுவி விட்டுட்ட. மலைக்கு இல்ல, இது மார்க்கெட்டுக்கே தாங்காது. இன்ஜினையே கழட்டணும்."

அந்த நேரம் பார்த்து டீ டம்ளரோடு பெண்டாட்டி வந்தாள். அவள் கண் வண்டிக்குப் போகவில்லை, புகைக்கும் போகவில்லை. நேரே பிளாஸ்டிக் தொட்டிக்குப் போனது. அடியில் தங்கியிருந்த வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தாள்.

"ஐயோ, அதை ஏங்க வெளியே எடுத்தீங்க?"

ஜாக்கி கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்தினான்.

டாக்ஸிக்காரர் எழுந்தார். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்றார். பிறந்ததிலிருந்து அடுப்பைத் தொடாத மனுஷன். போயேவிட்டார்.

"அதைன்னா, எதை?" என்றான் ஜாக்கி.

அவள் டம்ளரைச் சுவர்மேல் வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"சத்தம் போடாதீங்க."

"நான் சத்தமே போடலையே. தெரியுமான்னு கேட்டேன்."

"சொன்னான். வண்டி கொடுக்கறதுக்கு முன்னாடி சொன்னான். இனிமே ரிப்பேர் பார்க்க அவன்கிட்ட வழி இல்ல. மூணு பிள்ளைங்க. அக்கா, நீதான் மாமாகிட்டப் பேசணும்னு காலைப் பிடிச்சு அழுதான். நான் என்னங்க பண்ணுவேன்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா மில்லை விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டான். அது அவளுக்கும் தெரிந்ததுதான்.

"நீங்க எப்படியும் சமாளிச்சுடுவீங்க" என்றாள் அவள். குரல் கெஞ்சியது. "உங்களால முடியும். அவனால முடியாதுங்க. அவன் அப்படியே உட்கார்ந்துடுவான்."

இது திட்டு இல்லை, பாராட்டு. அதுதான் அவனைக் குத்தியது. ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டு, இவன் தாங்குவான் என்று அளந்து பார்த்து ஏற்றியிருக்கிறாள். எதிரி பண்ணியிருந்தால் ஒரு கை பார்த்திருப்பான்.

காலையில் உள்ளே போனபோதே அவள் போன் பண்ணியிருக்க வேண்டும். மைத்துனன் சைக்கிளில் வந்து இறங்கினான். மில் கொடுத்த காக்கிச் சட்டையை லீவு நாளிலும் போட்டிருந்தான். கன்னம் பூசினாற்போல் இருந்தது.

"என்ன மாமா, அவ்வளவு தூரம் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ரேடியேட்டரைத் தொடாதீங்கன்னு."

"அப்ப தப்பு என்மேல."

"அப்படிச் சொல்லல மாமா. ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? இப்பவும் ஒண்ணும் குடி முழுகிடல. திரும்ப பவுடரைப் போட்டு, ரெண்டு முட்டையை ஊத்துவோம். விவரம் தெரியாத ஆளாப் பார்த்து யார் தலையிலாவது கட்டிடலாம்."

"ஏற்கெனவே ஒரு விவரம் தெரியாதவன் தலையில கட்டியாச்சே மாப்ள."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள்.

ஜாக்கி வண்டிச் சாவியை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டான். "வண்டி உன்னோடது. நாளைக்குக் காலையில மேஸ்திரி முன்னாடி போய் நின்னு, இடம் எங்க மாமாவுக்குத்தான், நான் விட்டுக்கொடுக்கறேன்னு சொல்லிடு. இதோட விட்டுடறேன். அப்புறம் இதைப் பத்தி ஒரு பேச்சுப் பேச மாட்டேன்."

"அது எப்படி மாமா? இப்பதான் என் பேரைப் பதிஞ்சாங்க."

"நீ சொல்லு அவனுக்கு" என்று ஜாக்கி பெண்டாட்டியிடம் திரும்பினான். "நீ சொன்னா கேப்பான். அன்னிக்கு எனக்காகவா சொன்ன? இன்னிக்கு எனக்காகச் சொல்லு."

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள். "ஒரு ஆறு மாசம் போகட்டுமேங்க" என்றாள் கடைசியில். "அவன் கொஞ்சம் நிமிர்ந்துக்கட்டும். அதுவரைக்கும் நீங்க வேற எங்கயாவது..."

முழுசாகக் கேட்க அவன் நிற்கவில்லை. குழாயடியில் கை கால் கழுவினான். மலைமேல் வீட்டுக்காரருக்கு போன் போட்டு, வண்டி வராது, இன்ஜின் போச்சு, வேற ஆளைப் பாருங்க என்றான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"மேஸ்திரி வீட்டுக்கு."

மைத்துனனுக்கு முகம் வெளுத்தது. "என்னைப் பத்தி ஏதும் சொல்லிடாதீங்க மாமா. பொய் சொல்லி இடம் வாங்கினேன்னு தெரிஞ்சா வெளியே தள்ளிடுவாங்க."

"சொல்லத்தான் போறேன்டா."

"குடும்பத்து விஷயத்தை வெளியில..."

"குடும்பத்துக்குள்ளதான் யாரும் கேக்கலையே."

கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினான். இடுப்பு சுரீரென்றது. எதிரே யாரோ "என்ன ஜாக்கி, நடையா? வண்டி எங்க?" என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு நடந்தான். மேஸ்திரி என்ன சொல்லுவாரோ, தெரியாது. இடம் கிடைக்கலாம். இரண்டு பேருக்கும் இல்லாமலும் போகலாம். நடந்ததை நடந்தபடி ஒருத்தரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பின்னால் பெண்டாட்டி கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கால் தானாகவே நின்றது. இத்தனை வருஷத்துப் பழக்கம். அவள் வந்தால், கூடவே மேஸ்திரி வீட்டுக்கு வந்தால், பேச வேண்டாம், சும்மா பக்கத்தில் நின்றால்கூடப் போதும் என்று அந்த ஒரு நொடியில் நினைத்துவிட்டான்.

"தம்பி, சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடுடா! அவர் போறதுக்குள்ள நீ முதல்ல போய் மேஸ்திரிகிட்டப் பேசிடு!"

ஜாக்கி திரும்பிப் பார்க்கவில்லை. முன்னைவிட வேகமாக நடந்தான்.