முதலில் குழல், பிறகு கட்டை

டுவைன் ஹுடாக்கால் ஓர் இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. தேவாலயத்தில்கூடப் பிரசங்கத்தின் நடுவே எழுந்துபோய் வண்டி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிற ஆள். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு பார்சல்கள் வந்தால் சும்மா இருப்பானா? அதுவும் மனைவி வீட்டில் இல்லாத மாலையில்?

வெர்னா தீயணைப்பு நிலையத்து மீன் வறுவலுக்குப் போயிருந்தாள். தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் ஊரே அங்கேதான் சாப்பிடும். அவள் கார் தெருமுனை தாண்டியதுமே டுவைன் அவளுடைய கைத்துப்பாக்கியை எடுத்து, உள்ளே குண்டு இல்லையென்று இரண்டு முறை பார்த்து, சமையலறை மேசையில் வைத்தான். பார்சல்களைப் பல்லால் கடிக்காத குறையாகப் பிரித்தான்.

ஒன்றில் ஒரு கூடு. கைத்துப்பாக்கியை அதற்குள் பூட்டினால் பின்னால் தோளில் முட்டுக்கொடுக்க ஒரு கட்டை, முன்னால் இடது கைக்கு ஒரு பிடி. இன்னொன்றில் நீளமான குழல். இரண்டும் சேர்ந்தால் அதே சின்னக் குண்டைச் சுடும் குட்டி ரைஃபிள், கார்பைன் என்பார்கள். தோளில் சாய்த்துச் சுடுவதால் கை நடுங்கினாலும் குறி அவ்வளவாக அலையாது.

நடுக்கம்தான் விஷயம். துப்பாக்கி கிளப்பில் இரும்புத் தட்டுகளை வேகமாகச் சுடும் போட்டியில் வெர்னாவை ஜெயிக்க ஆளில்லை. போன இலையுதிர்காலத்தில் அவள் சுடும்போது துப்பாக்கியின் வாய், பாதுகாப்புக்காகப் போட்ட பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிவிட்டது. களத்தை நடத்தும் லெஸ்டர் "நிறுத்து" என்று கத்தி அவளை வெளியேற்றினான். கவனக்குறைவு என்பது அங்கே பெரிய அவமானம். "ஏதோ ஞாபகத்துல இருந்துட்டேன்" என்று சொல்லி அந்த அவமானத்தை அவளே தலையில் ஏற்றிக்கொண்டாள். கை நடுங்குவது பார்கின்சன் நோயால் என்று டாக்டர் சொன்னது டுவைனுக்கு மட்டும்தான் தெரியும். துப்பாக்கியை இழுப்பறையில் போட்டவள், அதன்பின் எதற்குமே வெளியே போகப் பிடிக்காதவளாக ஆனாள். மீன் வறுவலுக்கே கெஞ்சித்தான் அனுப்பினான். இப்படியே விட்டால் இவள் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவாள் என்ற பயம் குளிர்காலம் முழுக்க அவனை அரித்தது.

குழல் பிசுபிசுவென்று எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அதைத் துடைக்கத் துணி தேட வேண்டும். அதுவரை பொறுக்க முடியாமல், எப்படி இருக்கிறதென்று பார்க்கலாமே என்று கைத்துப்பாக்கியை அப்படியே கூட்டுக்குள் தள்ளிப் பூட்டி, கட்டையையும் மாட்டினான். அழகாகத்தான் இருந்தது. படம் எடுத்தான். "வெர்னாவின் நடுங்கும் கைகளுக்காக. நாளைக்கு ஜாக்கிரதை, பையன்களா!" என்று எழுதிப் போனில் கிளப் குழுவுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தான்.

லெஸ்டரின் அழைப்பு உடனே வந்தது.

"யோவ், உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? அந்தப் படத்தை அழிச்சுத் தொலை!"

"ஏன், நல்லா இல்லையா?"

"குட்டைக் குழலோட தோள்கட்டை மாட்டியிருக்க. அரசாங்க அனுமதி வாங்காம அப்படி வெச்சிருந்தா ஜெயில்யா, ஜெயில்! அதைப் படம் புடிச்சு வேற போட்டிருக்க. முதல்ல குழலை மாத்தணும், அப்புறம்தான் கட்டை. நேத்து சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும்!"

டுவைனுக்கும் தெரியும். நூறு தடவை அடுத்தவனுக்குச் சொல்லியிருக்கிறான். படத்தை அழித்தான். கூட்டைத் திறக்கப் பார்த்தால் பூட்டு வரவில்லை. வியர்த்த விரல் வழுக்கியது. தெருவில் ஒரு கார் விளக்குத் தெரிந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். போலீஸ் என்றே நினைத்தான். ஒருவழியாக எல்லாம் தனித்தனியாகக் கழன்று விழுந்தபோது, கதவைத் திறந்துகொண்டு வெர்னா நின்றாள். கோட்டெல்லாம் மீன் எண்ணெய் வாசனை.

"கழட்டிட்டேன் வெர்னா, படத்தையும் அழிச்சுட்டேன். ஜெயிலுக்கெல்லாம் போக மாட்டேன்" என்று அவன் படபடத்தான்.

"நீ ஜெயிலுக்குப் போனா எனக்கென்ன?"

அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கை நடுங்குதுன்னு நான் யார்கிட்டயாவது சொன்னேனா? அங்க எல்லார் போன்லயும் உன் படம்தான். ஒருத்தி என் கையிலிருந்து கரண்டியைப் புடுங்கிட்டு உக்காரச் சொல்றா. பாதிரியார் வந்து என் கையைத் தடவிக் குடுக்குறாரு. தட்டைத் தூக்க விடலை ஒருத்தரும். கவனமில்லாதவள்னு பேர் வாங்கிட்டு நிம்மதியா இருந்தேன்டா, டுவைன்!"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டையும் குழலும் லெஸ்டருக்குத்தான் பெரிய விஷயம். அவளுக்கோ படத்தோடு அவன் எழுதிய அந்த ஒரு வரிதான். அதை அழித்து இனிப் புண்ணியமில்லை. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

வெர்னா மேசையைப் பார்த்தாள்.

"என்னைக் கேக்காம என் துப்பாக்கியைத் தொட்டதுக்குத் தனியா வெச்சுக்கறேன். அந்தக் குழலைத் துடை. எல்லாருக்கும்தான் தெரிஞ்சுபோச்சே, இனிமே வீட்ல உக்காந்து என்ன பண்ண?"

மறுநாள் சனிக்கிழமை, களத்தில் ஈரக் குளிர். லெஸ்டர் வரிசையைக் கலைத்து, "வெர்னா, நீ முதல்ல சுடும்மா. குளிர்ல நிக்க வேணாம்" என்றான். "அம்மா" என்று அவன் அவளை அழைத்ததே இல்லை. அவள் கோட்டில் போய் நின்றாள். கட்டை தோளில் பதிந்தது. மணி அடித்ததும் ஒன்று, இரண்டு என்று ஐந்து தட்டுகளும் ணங்கென்று ஒலித்தன. ஒன்றும் தப்பவில்லை.

பின்னால் எல்லாரும் கைதட்டினார்கள்.

டுவைன் குதிக்காத குறைதான். "பாத்தியா! அஞ்சும் அடிச்சுட்ட!"

வெர்னா துப்பாக்கியைக் காலி செய்து காட்டி வைத்துவிட்டு வண்டிப் பக்கம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இத்தனை வருஷமா இவனுங்களைத் தோக்கடிச்சிருக்கேன். ஒரு தடவை கைதட்டியிருக்கானுங்களா? வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டுவானுங்க. கடியாரம் கெட்டுப்போச்சும்பானுங்க. இன்னைக்கு எவ்ளோ மெதுவாச் சுட்டேன் தெரியுமா உனக்கு? அதுக்குக் கைதட்டுறானுங்க."

அப்போது லெஸ்டர் இரண்டு காபிக் கோப்பைகளோடு வந்தான். டுவைனுக்கு நிறைய இருந்தது. அவளுக்குப் பாதிதான் ஊற்றியிருந்தான், சிந்தாமல் இருக்கட்டும் என்று.

வெர்னா தன் கோப்பையை டுவைன் கையில் திணித்துவிட்டு அவனுடையதைப் பிடுங்கிக்கொண்டாள். கை ஆடியது. காபி விளிம்பைத் தாண்டி அவள் கோட்டிலும், கீழே லெஸ்டரின் புதுப் பூட்ஸிலும் கொட்டியது. அவள் லெஸ்டரை நேராகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

லெஸ்டர் பூட்ஸைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"அடிப்பாவி! போன வாரம்தான் வாங்கினேன்! ஆமைகூட உன்னைவிட வேகமாச் சுடும், இதுல என் பூட்ஸையும் நாசம் பண்ணிட்ட!"

"போய் அடுத்தவனைச் சுடச் சொல்லு" என்றாள் வெர்னா. பழைய திட்டு திரும்பி வந்துவிட்டது. மிச்சக் காபியைச் சிந்தியபடியே குடித்தாள்.